உன் ரெஸ்யூமே எங்கே போய் நிற்கிறது

அன்புள்ள சுமதி,

உன் நீளமான மெயில் கிடைத்தது. பெரியவன் காலேஜில் சேர்ந்துவிட்டான் என்பதை நம்பவே முடியவில்லை, என் கல்யாணத்துக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாயே. அம்மா முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் தானே எழுந்து நடப்பதும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் டீம் பெரிதாகிவிட்டது, வருஷம் முழுக்க ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில்தான். அதனால் நீ கடைசியில் எழுதியிருந்ததைப் படித்ததும் உடனே பதில் போட உட்கார்ந்துவிட்டேன்.

அப்ளை பண்ணிப் பண்ணி கை ஓய்ந்துவிட்டது, எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது, எட்டு வருஷம் வீட்டில் இருந்தவளை யார் சீந்துவார்கள் என்று எழுதியிருந்தாய். ஆள் எடுக்கிற பக்கத்தில் இருப்பவளாகச் சொல்கிறேன், கேள். யாரோ உன் ரெஸ்யூமேயைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்று நினைத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. பல சமயம் அது யார் கண்ணிலும் படுவதே இல்லை.

எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்றால் ஹெச்.ஆருக்கு எழுதுவேன். அவர்கள் அதை விளம்பரமாக்கி, வேலை தேடுகிறவர்கள் பார்க்கும் இணையதளத்தில் போடுவார்கள். போனிலிருந்து ஒரு தட்டு தட்டினால் விண்ணப்பம் போய்விடும் என்பதால் இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். ஹெச்.ஆரில் ஒருவரே பல வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார், பாவம், அவரும் மேலிருந்து கொஞ்சம் எடுத்து எனக்கு அனுப்புவார். போன முறை எனக்கு மொத்தப் பட்டியலையும் அனுப்பச் சொன்னேன். பெயர், இப்போது வேலை பார்க்கும் கம்பெனி, அனுபவம், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம் என்று கட்டம் கட்டமாக இருந்தது, என்ன வேலை தெரியும் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம்கூட இல்லை. அதைக் கம்பெனி பெயர்வாரியாக அடுக்கியிருந்தார்கள். இப்போது வேலையில் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டம் காலி, அதனால் அவர்கள் எல்லோரும் அடியில். கீழே வரை போய்ப் பார்த்தால், பேமெண்ட் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, குழந்தைக்காக நின்ற ஒரு பெண். எனக்குத் தேவைப்பட்டது அப்படியே அவர்தான். கூப்பிட்டோம், சேர்ந்துவிட்டார். அவரும் நானும் அதே தளத்தில்தான் வருஷக்கணக்காக இருக்கிறோம், ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் நேராக ஒரு வழி கிடையாது.

இதில் எனக்குப் பெரிய கோபம் அந்த ஒரு தட்டின் மேல்தான். அப்ளை பண்ண எந்தச் சிரமமும் இல்லை என்றால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் பண்ணுவார்கள், யாருக்கு நிஜமாகவே இந்த வேலை வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முன்பு கவர் லெட்டரைப் பார்த்தால் ஓரளவு தெரியும், இப்போது அதையும் ஏஐ எழுதிக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல வழியைப் பொருளாதாரப் பேராசிரியர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2006இல், பொருளாதாரத் துறையில் வேலை தேடும் ஒவ்வொருவருக்கும் இரண்டே இரண்டு 'சிக்னல்' கொடுக்க ஆரம்பித்தது. எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் அப்ளை பண்ணலாம், ஆனால் "எனக்கு உங்கள் இடத்தின் மேல் தனி விருப்பம்" என்று இரண்டு இடத்துக்குத்தான் சொல்ல முடியும். இரண்டுதான் என்பதால் அந்தச் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு அதன் மதிப்பு தெரியும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஆல்வின் ராத், 2012இல் நோபல் வாங்கியவர். அப்புறம் அங்கே டாக்டர்கள் மேற்பயிற்சிக்கு இடம் தேடுவதிலும் இதைக் கொண்டுவந்தார்கள், காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆரம்பித்து.

வேலைத் தளங்களும் இதைச் செய்யட்டுமே! மாதத்துக்கு மூன்றோ நான்கோ சிக்னல், அது ஹெச்.ஆர். பட்டியலுக்குப் போகாமல் நேராக ஆள் எடுக்கும் மேனேஜருக்குப் போகவேண்டும், கூடவே மேனேஜர் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு ஐந்து வரிப் பதில். இப்போதும் முன்பின் தெரியாதவருக்குச் செய்தி அனுப்பலாம்தான், சந்தா கட்டினால். காசுள்ளவர் நிறைய அனுப்பலாம் என்றால் அது எப்படி விருப்பத்தின் அடையாளம் ஆகும்? வேலை இல்லாதவரிடம் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சிக்னல் வந்தால் மேனேஜர் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஆம் அல்லது இல்லை. நேரமில்லை என்பார்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் சரி, பத்திருபது பேருக்கு இரண்டு வரி எழுத முடியாதா? கனடாவின் ஒன்டாரியோவில் 2026 ஜனவரியிலிருந்து சட்டமே வந்துவிட்டது: 25 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களில், வெளியே விளம்பரம் கொடுத்து இன்டர்வியூ எடுத்தால் 45 நாளுக்குள் முடிவு ஆனதா இல்லையா என்று சொல்லவேண்டும், நிஜமாகவே காலியிடம் இருக்கிறதா என்பதையும் விளம்பரத்திலேயே போடவேண்டும். இன்டர்வியூ வரை போனவர்களுக்குத்தான் அந்தப் பதில், ஆனாலும் நல்ல ஆரம்பம். தளங்கள் இதற்கு மேலும் போகலாம், இந்த டீம் வந்த விண்ணப்பங்களில் எத்தனையைத் திறந்து பார்த்தது, எத்தனைக்குப் பதில் போட்டது என்று விளம்பரத்தின் தலையிலேயே காட்டலாம். பதிலே போடாத இடத்துக்கு நீ ஏன் மெனக்கெடவேண்டும்?

இதெல்லாம் வரும்போது வரட்டும், நீ அதுவரை காத்திருக்க முடியாது. பழைய ஆபீஸ் ஆட்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது என்றாயே, அதை விட்டுவிடு. வேலை சம்பந்தமான தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை ஐந்து வருஷம் வைத்துச் செய்த ஆய்வு 2022இல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது, வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது நெருங்கிய நண்பர்கள் இல்லை, ஓரளவு மட்டும் தெரிந்தவர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே இப்படித்தான் சொன்னார். உனக்கு அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள், தொடர்பு விட்டுப்போனதுதான். எட்டு வருஷம் கழித்து எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதே, எனக்கு அப்படி யாராவது எழுதினால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

உன் ரெஸ்யூமேயை எனக்கு அனுப்பு. இடைவெளியை மறைக்காதே, மேலேயே ஒரு வரியில் சொல்லிவிடு. உனக்கு நிஜமாகவே பிடித்த இரண்டு கம்பெனி எவை என்றும் எழுது, அங்கே ஆள் எடுக்கிறவர் யார் என்று நான் விசாரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுடி, நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உஷா