சாரணர் பயிற்சிக் கூடம் கட்ட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதைக்கு ஏறும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாரணர் படையை நடத்தி வரும் ஆசிரியர் ஐயா அவர்களின் வீட்டு மச்சில்தான் அப்படையின் உடைமைகள் அனைத்தும் இன்றுவரை இருக்கின்றன. கூடாரங்கள், மூங்கில் கழிகள், கயிற்றுக் கட்டுகள், முதலுதவிப் பெட்டி, சமையல் அண்டா, கொடி ஆகியவற்றை வைக்கப் படைக்கென்று ஓர் இடம் ஒருநாளும் இருந்ததில்லை. இடையில் சில காலம் ஒரு பள்ளியில் அறை கிடைத்தது. மாணவர் எண்ணிக்கை கூடியபோது அந்த அறை வகுப்புக்குத் தேவைப்பட்டதால் பொருள்கள் ஒரே மாலையில் வராந்தாவுக்கு வந்தன. அன்றிரவு பெய்த மழையில் இரண்டு கூடாரங்கள் வீணாயின. மறுநாள் விடியற்காலையில் ஐயா தள்ளுவண்டி பிடித்து வந்து, எஞ்சியவற்றை யாரையும் குறை சொல்லாமல் தம் வீட்டுக்கு ஏற்றிச் சென்றார். அன்று மச்சில் ஏறியவை இன்னும் இறங்கவில்லை. இப்போது ஐயாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. மச்சுப்படி ஏற அவரால் முடிவதில்லை.

இந்நிலையில், படைக்கென்று 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட பயிற்சிக் கூடம் ஒன்றும், அதனுடன் பொருள் வைப்பறை ஒன்றும் கட்டுவதென்று முன்னாள் சாரணர்களாகிய நாங்கள் கூடி முடிவு செய்தோம். எங்களுள் ஒருவர் தம் பங்கில் இருந்த 5 சென்ட் நிலத்தைப் படைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடித்தளம் முடிந்து, சுவர் ஜன்னல் மட்டம் வரை எழும்பி நிற்கிறது. எஞ்சிய சுவருக்கும் தளத்துக்கும் பொருள் இல்லாததால்தான் உங்களிடம் வருகிறோம்.

ஐயாவின் பெயரை இவ்வேண்டுகோளில் அச்சிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதற்குக் கட்டுப்பட்டோம், ஆனால் அவர் செய்ததைச் சொல்லாமல் எங்களால் கேட்க இயலாது.

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களை வைத்துச் சாரண இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய பாசறை தொட்டு இன்றுவரை, ஊதியம் வாங்காத பெரியவர்கள் சிறுவர்களுக்குத் தம் நேரத்தைத் தருவதே இவ்வியக்கத்துக்கு அச்சாணியாக இருந்து வருகிறது. ஐயா தந்த நேரம் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தும் ஆகும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே அவர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணர் படையில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அவருடன் பணியாற்றிய அருண்டேலும் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள் என்பதும், பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாகி, பாரத சாரண இயக்கம் பிறந்தது என்பதும்தான் அச்செய்தி. வராதே என்று ஒரு பிள்ளையைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று அதனோடு சேர்த்துச் சொல்வார். சொன்னபடியே நடந்தும் வந்தார். சீருடை வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சட்டைகளைக் கேட்டு வாங்கித் துவைத்து, தையற்காரரிடம் அளவு சரிசெய்து, இது யாருடைய சட்டை என்று எவருக்கும் தெரியாதபடி கொடுப்பது அவர் வழக்கம். எங்கள் குழுவில் கையெழுத்திட்டிருப்பவர்களில் நால்வர் அப்படிப்பட்ட சட்டையில்தான் உறுதிமொழி எடுத்தோம்.

கயிறு விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர். புதுக் கயிறு வந்தால், அதன் நுனி பிரியாமலிருக்க மெழுகு பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலின் முனையைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து அறுத்துவிட வேண்டும். அதன் பிறகே அது எங்கள் கைக்கு வரும். மழையில் நனைந்த கயிற்றை வெயிலில் போட விடமாட்டார், நிழலில் கொடி கட்டித்தான் உலர்த்த வேண்டும். ஆனி, ஆடியில் இப்பக்கம் சாரல் பிடித்தால் நாள் கணக்கில் துணி காயாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்நாட்களில் அவர் வீட்டு அடுக்களையில் பரண் ஓரமாகக் கயிறுகள் தொங்கிக்கொண்டிருக்கும். அம்மா அதற்குக் கீழே நின்றுதான் சமைப்பார்கள். அந்த அம்மையாரின் பொறுமைக்கும் இக்கூடம் கடன்பட்டிருக்கிறது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் ஆயிரக்கணக்கில் இவ்வழியே கடந்து போவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், வழி சொல்வதும், கொப்புளம் வெடித்த கால்களுக்கு மருந்திடுவதும் எங்கள் படையின் வழக்கமான சேவை. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவோருக்காக, எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அளவுக்குத் தெலுங்கும் கன்னடமும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருந்தார். மலையாளம் எங்களுக்குப் பழகிய மொழிதான், ஏனெனில் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. ஒரு மார்கழி இரவில் வளைவு ஒன்றில் வயதான சாமி ஒருவர் வழுக்கி விழுந்து காலை ஊன்ற முடியாமல் கிடந்தார். உடனே இரண்டு சாரணர்கள் சட்டைகளைக் கழற்றி, பொத்தான்களைப் பூட்டி, இரண்டு கழிகளைக் கைப்பகுதிகளின் வழியே செலுத்தித் தூக்குப்படுக்கை ஆக்கினார்கள். அவரைக் கிடத்தி, நால்வர் தாளம் தப்பாமல் நடந்து வண்டி நிற்கும் இடம் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐயா கையில் டார்ச் விளக்குடன் முன்னே நடந்தார். ஒரு கட்டளைகூட அவர் இட வேண்டியிருக்கவில்லை.

சாரண ஆசிரியர்களுக்கான இமாலய வுட் பேட்ஜ் என்னும் உயர்நிலைப் பயிற்சியை முடித்ததற்காக அவர் பெற்ற இரண்டு மரமணிகள் கோத்த தோல்வாரை இக்கூடத்தில் வைத்துக்கொள்ளுமாறு போன மாதம் எங்களிடம் கொடுத்துவிட்டார். அதைப் பூட்டி வைக்க எங்களிடம் இன்னும் கதவு இல்லை.

சாரல் பிடிப்பதற்குள் தளம் போட்டாக வேண்டும் என்பதே எங்கள் அவசரம். பணமாகத் தர இயன்றவர்கள் எங்கள் பொருளாளரிடமோ, ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் உறுப்பினரிடமோ கொடுத்து ரசீதைத் தவறாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுகிறோம். வங்கிக் கணக்கு விவரம் ரசீதின் பின்புறத்தில் உள்ளது. சிமெண்ட் மூட்டை, கம்பி, எம்-சாண்ட், செங்கல், கதவு நிலை எனப் பொருளாகத் தந்தாலும் அதே மரியாதையுடன் ஏற்போம். வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை கட்டட இடத்தில் வாசிக்கப்படும். யாரும் வந்து கேட்கலாம், கேள்வியும் எழுப்பலாம்.

கையில் பணமில்லை என்று எந்த முன்னாள் சாரணரும் ஒதுங்க வேண்டாம். கொத்தனார் வேலை தெரிந்த இருவர் ஞாயிறுதோறும் கூலி வாங்காமல் வருகிறார்கள். சாந்து சுமக்கவும் கல் எடுத்துக் கொடுக்கவும் ஆட்கள் போதவில்லை. மேலும், எப்போதோ முகாமுக்கு வாங்கிச் சென்ற படையின் கழியோ, கயிறோ, கூடாரத் துணியோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும் கொண்டுவந்து சேர்த்துவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வைப்பறைக்கான பொருள் பட்டியலை ஐயா தம் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
சாரணர் பயிற்சிக் கூடக் கட்டடக் குழுவினர்