பாதியில் இறங்குகிறவன் எழுதும் மடல்

காலை ஆறேகாலுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோருக்கும்,

வணக்கம். நம்மில் பாதிப் பேருக்கு மற்றவர் பெயர் தெரியாது. ஆனால் பழக்கம் தெரியும். யார் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பார், யார் அத்திப்பள்ளி வருவதற்குள் குறட்டை விடுவார், யார் சில்லறைக்காகத் தினமும் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பார் என்று ஒன்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். என்னைப் பற்றியும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு மாதமாக நான் பொம்மசந்திராவிலேயே எழுந்து இறங்கிவிடுகிறேன். போன வாரம் ஸ்வெட்டர் போட்ட அண்ணன் ஒருவர், "என்ன தம்பி, வேலைய மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லண்ணா, மெட்ரோ..." என்று ஆரம்பிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதையை 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை பிரதமர் திறந்துவைத்தார். மறுநாளிலிருந்து நாம் ஏறலாம் என்று விட்டார்கள். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர் சொச்சம், 16 ஸ்டேஷன், எல்லாமே தூணுக்கு மேலே. ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் மெஜஸ்டிக் போய்விடலாம். நான் கணக்கு எழுதுகிற கடை ஜெயநகரில். எனக்கு ஆர்.வி. ரோட்டோடு சரி, அப்புறம் நடைதான்.

முதல் நாளே போனேன். ஏறியவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தெரியவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடிக்காத கை குறைவு. அன்றைக்கு ஒரே நாளில் பெங்களூரு மெட்ரோ மொத்தத்திலும் 10 லட்சத்துக்கு மேல் ஆட்கள் ஏறினார்களாம், அதுவரை இல்லாத கணக்கு. அந்த 10 லட்சத்தில் ஒருவனாக நான் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி நின்றேன் தெரியுமா? பஸ்ஸில் நிற்கிற மாதிரி, காலை அகட்டி, இடது தோளை முன்னால் கொடுத்து, எந்த நேரமும் பிரேக் விழும் என்ற எதிர்பார்ப்போடு. கூட்லு கேட் போச்சு, ஹொங்கசந்திரா போச்சு, பொம்மனஹள்ளி போச்சு. அந்த பிரேக் விழவே இல்லை. இடுப்பு மட்டும் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் சில்க் போர்டு வந்தது.

அந்தப் பெயரைச் சொன்னாலே உங்களுக்கு வயிற்றைப் பிசையும், எனக்குத் தெரியும். நெரிசலுக்குப் பேர்போன அந்த முனையில் பஸ் நிற்கிற நேரத்தில் நான் ஒரு தூக்கம் போட்டு, எழுந்து, வீட்டுக்குப் போன் பேசி, இன்னொரு தூக்கமும் போட்டிருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் கீழே வரிசையாக பஸ் கூரைகள். ஒரு கூரையில் ஓட்டையைத் தார் பூசி அடைத்திருந்தார்கள், தார் நாலு பக்கமும் வழிந்து காய்ந்திருந்தது. மழைக்காலத்தில் நம் தலையில் சொட்டுகிற இடம் வெளியிலிருந்து இப்படித்தான் இருக்குமா என்று நினைப்பதற்குள் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டது. பி.டி.எம். தாண்டி ஜெயதேவா பக்கம் போனால் இன்னொரு கூத்து. நமக்குக் கீழே மேம்பாலம், அதில் கார் ஓடுகிறது. மேம்பாலத்துக்குக் கீழே ரோடு, அதிலும் கார் ஓடுகிறது. ஜெயதேவாவில் முன்பு இருந்த மேம்பாலத்தை இதற்காகவே இடித்தார்கள், நினைவிருக்கும். மெட்ரோவின் பிங்க் பாதை வந்து சேருகிற இடமும் அதுதான்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 35 நிமிடம். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் உள்ள பஸ் நேரத்தையும் சேர்த்தாலும், ஒன்பது மணிக் கடைக்கு எட்டேகாலுக்கே போய் ஷட்டர் திறக்கக் காத்திருக்கிற நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாவது ஞாயிறு தர்மபுரியிலிருந்து அத்தை வந்திருந்தார். கூட்டிப்போய்க் காட்டினேன். நமக்குத் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்து பழகியது. அத்தைக்கு அப்படி இல்லை. வண்டிக்குள் அறிவிப்பு வந்தது: "முந்தின நில்தாண..." அத்தை திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். "முந்தின ஸ்டேஷன்தான் போயிடுச்சே, அதை ஏன்டா இப்ப சொல்றான்? நாம இறங்க வேண்டியதை விட்டுட்டமா?" கன்னடத்தில் 'முந்தின' என்றால் நமக்கு 'அடுத்த' என்று விளக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்து வர்றதை முந்தினதுன்னு சொன்னா இவங்க எப்படிப்பா ஊர் போய்ச் சேர்றாங்க?" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும் போல. வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

சரி, சங்கதிக்கு வருகிறேன்.

திறந்தபோது இந்தப் பாதையில் மூன்றே ரயில்கள்தான். அதனால் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி. 2025 செப்டம்பரில் நாலாவது ரயில் சேர்ந்து 19 நிமிடமானது. ஏன் இத்தனை குறைவு என்று கேட்டால் அது பெரிய கதை. பெட்டிகளுக்கான ஒப்பந்தம் 2019-லேயே ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. அதற்கடுத்த வருஷம் எல்லையில் தகராறு, சீன நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு. கடைசியில் கொல்கத்தா பக்கத்து டிட்டாகர் தொழிற்சாலை பெரும்பாலான பெட்டிகளைச் செய்து கொடுப்பது என்று முடிவானது. முதல் ரயில் மட்டும் சீனாவிலிருந்து கப்பலில் வந்து, 2024 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, லாரிகளில் ஏறி ஹெப்பகோடி பணிமனைக்குப் போனது. மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, மாப்பிள்ளை மட்டும் வராத கல்யாணமாகத் தூணும் தண்டவாளமும் காத்துக் கிடந்தன. ஆளில்லாமல் ஓடக்கூடிய ரயில் என்கிறார்கள். இப்போதைக்கு டிரைவர் இருக்கிறார்.

வண்டி சேரச் சேர இடைவெளி குறையும், அதில் எனக்குக் கவலை இல்லை. என் கவலை நம் பஸ்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் ஊரில் பஸ் எப்போது போய்ச் சேர்ந்தாலும் ஒன்றுதான். 19 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் அப்படி இல்லை. 25 நிமிட இடைவெளி இருந்தபோது ஒரு நாள் நம் பஸ் சந்தாபுராவில் ஆள் ஏற்ற நின்றது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. பொம்மசந்திராவில் இறங்கி, ரோட்டோரமாக ஓடி, படியேறி, பையை ஸ்கேனரில் போட்டு எடுத்து, மேலே போய்ச் சேர்ந்தால் ரயிலின் பின்பக்கம் தெரிகிறது. அந்த இரண்டு நிமிடம் எனக்கு 25 நிமிடமானது. சாயங்காலம் இதைவிட மோசம். ஊருக்குள்ளிருந்து வரும் பஸ் நிறைந்து வருகிறது. ஒரு பஸ் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தது, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஓடினோம், டிரைவர் பின்னால் வருகிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எந்த பஸ், எந்த டிப்போ என்று எழுதி ஒருவர் வேலைக்கு உலை வைக்க விருப்பமில்லை. பின்னால் ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காசையும் சொல்ல வேண்டும், மறைத்துப் பயனில்லை. பொம்மசந்திரா முதல் ஆர்.வி. ரோடு வரை 60 ரூபாய். ஸ்மார்ட் கார்டில் 5 சதவீதம் கழிந்து 57. இதற்கு மேல் பஸ் கட்டணம் தனி. 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தை ஏற்றி, அதிகபட்சத்தை 60-லிருந்து 90 ஆக்கியபோது பெங்களூருக்காரர்களே கொதித்தார்கள், நாம் எம்மாத்திரம். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் தையலுக்குப் போகிற அக்கா ஒருவரிடம் மெட்ரோவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, ஆனால் அது ஜூஜூவாடியோடு சரி. எல்லை தாண்டினால் கர்நாடக அரசு பஸ்ஸிலும் பெண்களுக்குக் காசில்லை, ஆனால் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தான். "ரெண்டு கவர்மெண்டும் எனக்கு ஓசி குடுக்குது தம்பி, ரெண்டும் எனக்கு உதவல" என்றார். அவருக்கு மெட்ரோ இன்றைக்கு எட்டாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் கட்டுபடியாகிறது என்றால், மிச்சமாகும் நேரத்தில் கடையில் கூடுதலாக ஒரு வேலை பார்க்க முடிகிறது என்பதால்தான்.

இனி உங்களில் பல பேருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். மெட்ரோ பேச்சை எடுத்தாலே நம் ஊரில் ஒரே பாட்டுத்தான்: "ஓசூர் வரைக்கும் நீட்டணும்." எனக்கும் ஆசை இல்லாமலா? பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு சுமார் 23 கிலோமீட்டர் நீட்டிப்பது பற்றிச் சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வே செய்திருக்கிறது. ஆனால் காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சள் பாதை அடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2014-ல். ரயில் ஓடியது 2025-ல். அதுவும் ஒரே மாநிலத்துக்குள். ஓசூர் பாதைக்கு இரண்டு மாநிலம் கையெழுத்துப் போட வேண்டும். காவிரி என்ற சொல்லை நான் இங்கே எடுக்கவில்லை.

இதில் கரண்ட் பிரச்சினை வேறு. பெங்களூரு மெட்ரோவுக்கு மின்சாரம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிற மூன்றாவது கம்பியில் வருகிறது, 750 வோல்ட், நேர்மின்சாரம். சென்னை மெட்ரோவுக்குத் தலைக்கு மேல் கம்பி, 25,000 வோல்ட், மாறுமின்சாரம். அந்த ரயில் இதில் ஓடாது, இந்த ரயில் அதில் ஓடாது. தமிழ்நாடு தன் வழக்கப்படி ஓசூர் பாதையைப் போட்டால், பொம்மசந்திராவில் ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு ரயிலில் ஏறத்தான் வேண்டும்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. எப்படியும் பொம்மசந்திராவில் மாறித்தான் ஏற வேண்டும் என்றால், அதை ஏன் இன்றைக்கே பஸ்ஸில் செய்யக்கூடாது?

நாம் கேட்க வேண்டியது ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ வரைக்கும் மட்டும் போய்த் திரும்புகிற பஸ். காலையும் மாலையும் ரயில் நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி. ரயில் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பஸ் அங்கே நிற்க வேண்டும், மாலையில் ரயில் வந்தபிறகு பஸ் புறப்பட வேண்டும், அவ்வளவுதான். இதற்குத் தூண் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், வோல்ட் பார்க்க வேண்டாம். புது பஸ்கூட அதிகம் வேண்டியிராது என்பது என் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு கண்டக்டர் சொன்னார், பெங்களூருக்குள் போகிற பஸ் சில்க் போர்டில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு ஒரு சிங்கிள், அதாவது ஒரு நடை, அடிபடும் என்று. பொம்மசந்திராவில் திரும்பிவிடுகிற பஸ், சில்க் போர்டை எட்டிக்கூடப் பார்க்காது. அதே டிரைவர், அதே டீசல், கூடுதல் நடை. நேராகப் போகிற பஸ்களை நிறுத்தச் சொல்லவில்லை, அந்தத் தையல்கார அக்காவுக்கு அவை வேண்டும். நாலில் ஒன்றைத் திருப்பி விட்டால் போதும்.

"பஸ்தானே கேட்கிறாய், மெட்ரோ கேட்டால் பஸ்ஸாவது கிடைக்கும், பஸ் கேட்டால் என்ன கிடைக்கும்?" என்று நம் டீக்கடையில் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. மெட்ரோ கேட்கிற கூட்டத்தில் நானும் வந்து நிற்கிறேன், கோஷமும் போடுகிறேன். ஆனால் அது என் பிள்ளைக்கு. திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு வேண்டியது எனக்கு.

மனு ஒன்று தயாராக இருக்கிறது, ஒரே பக்கம்தான். காலை, மாலை ரயில் நேரங்களை ஸ்டேஷனில் நின்று குறித்து, அதன் பக்கத்தில் பஸ் நேரம் என்னவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். நான் லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மாலை ஏழு மணியிலிருந்து பெங்களூரு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், எலெக்ட்ரானிக் சிட்டியா, பி.டி.எம்மா, மெஜஸ்டிக்கா என்று. பேனா கொண்டுவாருங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
நடு வரிசை, ஜன்னல் சீட், பொம்மசந்திராவில் இறங்குகிறவன்,
ஓசூர், செப்டம்பர் 2025