சீஸ கொதிக்க விடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

போன வாரம் சமையல் பக்கத்துல க்ரீமி மேக் அண்ட் சீஸ், அதான் சீஸ் சாஸ்ல போட்ட மக்ரோனி, போட்டிருந்தீங்க. படம் அருமை. ஆனா செய்முறைய படிச்சா பால், ஃப்ரெஷ் க்ரீம், துருவின மொசரெல்லா எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கன்னு இருக்கு. அப்படி செஞ்சா படத்துல இருக்கறது வரவே வராது, எண்ணெய் தனியா சீஸ் தனியா ரப்பர் மாதிரி திரண்டு நிக்கும், அத பாத்துட்டு க்ரீம் பத்தலையோன்னு இன்னொரு பாக்கெட்ட பிரிச்சு ஊத்துவாங்க, காசுக்குத்தான் கேடு.

மொசரெல்லா பீட்சாவுக்கு சரி, அது நூல் நூலா இழுக்கணும்னே இருக்கிற சீஸ். சாஸுக்கு செடார்தான் நல்லாருக்கும், ஆனா அதுவும் சூடு தாங்காது, ரொம்ப காஞ்சா புரதம் சுருங்கி கொழுப்ப வெளிய தள்ளிடும். அதனாலதான் முதல்ல மைதாவும் வெண்ணெயும் வச்சு வெள்ளை சாஸ் பண்றது. அந்த மாவுச்சத்து கொழுப்ப பிரியவிடாம பிடிச்சு வச்சுக்கும், க்ரீமே தேவையில்ல.

அளவு சொல்றேன். 200 கிராம் மக்ரோனிக்கு வெண்ணெய் 25 கிராம், மைதா 25 கிராம், பால் அரை லிட்டர். சின்ன தீயில மைதாவ பச்சை வாசனை போற வரைக்கும் வறுக்கணும், செவக்கக் கூடாது, வெதுவெதுப்பான பால கொஞ்சம் கொஞ்சமா விட்டு கட்டி இல்லாம கலக்கி ஒரு கொதி வந்து கெட்டியானதும் அடுப்ப அணைச்சிடணும். அணைச்சதுக்கு அப்புறம்தான் சீஸ். இத தடிச்ச எழுத்துலயே போடலாம்ங்க.

எந்த சீஸ்னா, நம்ம ஊரு கடைல கிடைக்கிற 25 கிராம் ப்ராசஸ்டு சீஸ் க்யூப் ஆறு போதும். ப்ராசஸ்டு சீஸ்னா மட்டம்னு யூட்யூப்ல சொல்லிட்டு திரியறாங்க, உண்மையில இந்த டிஷ்ஷுக்கு அதுதான் லேசுல கைகொடுக்கும். அதுல சோடியம் சிட்ரேட் மாதிரி ஒரு உப்பு போட்டிருப்பாங்க, அது சீஸ்ல இருக்கிற கால்சியத்த பிடிச்சு வச்சுக்கறதால புரதம் இளகி கொழுப்பையும் தண்ணியையும் சேர்த்தே வச்சிருக்கும். 1911-லயே சுவிட்சர்லாந்துக்காரங்க கண்டுபிடிச்ச வேலை இது. ருசி வேணும்னா பாதி அளவுக்கு க்யூப், பாதி அளவுக்கு செடார் போடுங்க, கூட ஒரு சிட்டிகை கடுகுப் பொடி, மிளகு. க்யூப்லயே உப்பு இருக்கு, ருசி பாத்துட்டு போடுங்க.

மக்ரோனிய வேக வச்சு பச்சத்தண்ணில அலசி எண்ணெய் தடவி வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல நிறைய, இதுக்கு வேண்டாம், சாஸ் ஒட்டாம வழுக்கிட்டு போயிரும். வெந்த தண்ணில ஒரு கப் எடுத்து வச்சிட்டு லேசா கடிபடற பதத்துல வடிச்சிடுங்க. சாஸோட கலக்கும்போது அந்த தண்ணிய கொஞ்சம் விட்டுக்கங்க, ரொம்ப தண்ணியா இருக்கேன்னு தோணும், பரவால்ல, அஞ்சு நிமிஷத்துல அதுவே உறிஞ்சிக்கும். டிபன் பாக்ஸுக்குன்னா இன்னும் தளர்வா விடுங்க, ஆறினா இறுகிடும். (வெங்காயம் தக்காளி மசாலா போட்ட மக்ரோனி வேற ஐட்டம், எனக்கு அதுவும் புடிக்கும்.)

இன்னொண்ணு, ரெசிபிக்கு கீழ பெட்டிச் செய்தில இத கண்டுபிடிச்சது அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன்னு இருந்துச்சு. தப்புங்க. அவரு இத ருசி பாத்ததா சொல்ற பாரிஸுக்கு போனதே 1784-ல, இங்கிலாந்துல 1769-லயே மக்ரோனிய க்ரீம், மாவுல உருட்டின வெண்ணெய், பார்மேசான் சீஸ் சேர்த்து செய்யற குறிப்பு அச்சாகிடுச்சு. ஜெஃபர்சன் வீட்ல அடுப்படில நின்னதும் அவரு இல்ல, அவரோட அடிமையா இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ். பாரிஸுக்கு கூட்டிட்டு போய் பிரெஞ்சு சமையல் கத்துக்க வச்சது இவரத்தான், விடுதலை கிடைச்சது 1796-ல. பெட்டிச் செய்தினா இவரு பேரு வரணும்ல?

திருத்தம் போட்டா ரெண்டையும் போடுங்க. அப்படியே இனிமே வர்ற ரெசிபில தீ எவ்ளோ இருக்கணும், எப்ப அணைக்கணும்னும் எழுதச் சொல்லுங்க, பாதி பேருக்கு சொதப்பறது அங்கதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி