அந்த இரண்டு துண்டு ஒயர்

தொழிற்சாலைத் தானியக்கத்திலும் பாதுகாப்புக் கருவிகளிலும் புதிதாக நிறுவனம் தொடங்கியிருப்பவர்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். நீங்கள் செய்து அனுப்பும் கருவிகளைப் பேனலில் மாட்டுகிறவன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவற்றில் ஒன்றை ஜம்பர் போட்டு, அதாவது ஒயரால் குறுக்கு வழி கொடுத்து, வாயடைத்தவனும் நான்தான்.

உலோகத்தை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் லைனுக்குப் பக்கத்தில் ஆள் வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கேமரா அது. டெமோ அன்று பிரமாதமாக வேலை செய்தது. எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் நாள் இரவு ஷிப்டில், வெல்டிங் பொறி பறந்தால் ஆள் என்றது, ஃபோர்க்லிஃப்ட் விளக்கு பட்டால் ஆள் என்றது. எத்தனை முறை ரீசெட் செய்தோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். நான்காம் நாள் சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டெர்மினலில் இரண்டு துண்டு ஒயர். (நிறுத்தும் சிக்னல் இரண்டு தனி வழியில் போகும் டூயல் சானல் ஆயிற்றே, அதனால் இரண்டு.) அதோடு லைன் நிற்காமல் ஓடியது. செய்தது தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன், சாக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒயர் உங்கள் கருவியைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. அதை நீங்கள் கேட்க வேண்டும்.

இது என் ஒருவன் கதையும் இல்லை. ஜெர்மனியில் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உலோக வேலை இயந்திரங்களின் பாதுகாப்பு அமைப்புகளில் ஏறத்தாழ 37 சதவீதம் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ முடக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தது. பிறகு 2013-இல் வந்த ஐஎஸ்ஓ 14119 என்ற சர்வதேசத் தரநிலை, இன்டர்லாக்கை (ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாத பாதுகாப்பு அமைப்பை) முடக்கத் தூண்டும் காரணம் என்ன என்று வடிவமைக்கும்போதே யோசிக்கச் சொல்கிறது. உங்கள் மீட்டிங்கில் இந்தக் கேள்வியை யாராவது கேட்கிறார்களா?

அடுத்தது வேகம். நீங்கள் மென்பொருள் வழியாக வந்தவர்கள் என்றால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கருவியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 13855 கணக்கில், நடந்து வரும் ஆள் நொடிக்கு 1600 மில்லிமீட்டர் வருகிறார். ஒளிக்கற்றையை ஆள் மறைத்தால் இயந்திரத்தை நிறுத்தும் லைட் கர்ட்டன் 0.02 நொடியில் பதில் சொன்னால் அதற்குள் அவர் 32 மில்லிமீட்டர்தான் வந்திருப்பார். உங்கள் கேமரா படம் எடுத்து, ஆளா பொருளா என்று யோசித்து முடிக்க அரை நொடி எடுத்தால்? 800 மில்லிமீட்டர். இயந்திரம் நின்று முடிக்கும் நேரம் இதற்கு மேல் தனி. அப்படியென்றால் ஆப்பரேட்டரை அத்தனை தூரம் தள்ளி நிறுத்த வேண்டும். தள்ளி நின்றால் பீஸைப் போட அவர் கைக்கு எட்டாது. எட்டாவிட்டால் என்ன செய்வார்? என்னைக் கூப்பிடுவார். உங்கள் விளம்பரத் தாளில் துல்லியம் பெரிய எழுத்தில் இருக்கிறது, இந்த அரை நொடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தேவையில்லாமல் கத்துகிற அலாரம் இன்னொரு தொல்லை. 1994-இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் ஆப்பரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. எதைப் படிப்பது, எதை விடுவது?

அப்புறம், மென்பொருளே போதும் என்று மின்சுற்றைத் துண்டிக்கும் ரிலேயைக் கழற்ற நினைப்பவர்கள் தெராக்-25 கதையைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தில், முந்தைய மாடலில் இருந்த ஹார்டுவேர் இன்டர்லாக்குகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இதில் எனக்கு மறக்காத விஷயம் வேறு: மென்பொருள் பிழைகளில் ஒன்று பழைய தெராக்-20-இலும் இருந்தது. அங்கே ஃபியூஸ் போனது, அவ்வளவுதான். உங்கள் கேமரா எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கட்டும். அதற்குப் பின்னால், எதையும் யோசிக்காமல் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு கான்டாக்டர் இருக்கட்டும்.

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. ஜம்பரை விட நல்ல வழி ஒன்று எனக்குக் கொடுங்கள். டை (அச்சு) மாற்றும்போதும் சிக்கிய பீஸை எடுக்கும்போதும் இயந்திரத்தைக் கொஞ்சம் நகர்த்தியே ஆக வேண்டும். அதற்குச் சாவி போட்டுத் திறக்கும் ஒரு மோடு, மெதுவான வேகம், கையில் மூன்று நிலை எனேபிளிங் சுவிட்ச் (நடு நிலையில் பிடித்திருந்தால் மட்டும் இயந்திரத்தை ஓடவிடுவது). பயந்துபோன மனிதர் ஒன்று கையை விடுவார், இல்லை இறுக்கிப் பிடிப்பார். இரண்டிலும் இயந்திரம் நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பயந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இன்னொன்று, லைன் நின்றால் ஏன் நின்றது என்று பேனலிலேயே காட்டுங்கள். லேப்டாப்பும் பாஸ்வேர்டும் உங்கள் சர்வரும் இருந்தால்தான் தெரியும் என்றால், இரவு இரண்டு மணிக்கு அது எனக்கு உதவாது.

சர்வர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நல்ல நிறுவனங்களும் மூடுகின்றன. பாக்ஸ்டர் ரோபோவைச் செய்த ரீதிங்க் ரோபோடிக்ஸ் 2018-இல் மூடியது. ரோபோவுக்குப் பக்கத்தில் மனிதர் பாதுகாப்பாக வேலை செய்யவென்றே தொடங்கிய வியோ ரோபோடிக்ஸும் 2024-இல் கடையைக் கட்டியது. அந்தத் துறையில் அவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. நாங்கள் வாங்கும் பிரஸ் முப்பது வருடம் ஓடும். நீங்கள் இல்லாத நாளில் அதன் கேமரா என்ன ஆகும், அதற்குப் பதிலாக எதை மாட்டலாம் என்று ஒரு பக்கமாவது எழுதிக் கையேட்டோடு கொடுங்கள். வாங்கும்போது கேட்கத் தைரியம் இல்லாமல் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் நான் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டெமோ முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மூன்றாம் நாள் இரவு ஷிப்டுக்கு உங்களில் ஒருவராவது வாருங்கள், விற்பனை ஆள் வேண்டாம், புரோகிராம் எழுதியவரே வரட்டும். சேஃப்டி ஷூ நாங்கள் தருகிறோம். ரீசெட் பட்டனை அன்று நீங்கள் அழுத்துங்கள்.

இப்படிக்கு,
பேனல் சாவி வைத்திருப்பவன்