ஆங்கில வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஆங்கிலத் தாளில் ஆண்டு தவறாமல் வரும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நடக்கும் உரையாடலை எழுதுக.’ சில ஆண்டுகளில் மருத்துவருக்குப் பதிலாக வங்கி ஊழியர் வருவார். மற்றபடி மாற்றமில்லை.

என் மாணவர்கள் பெரும்பாலும் இதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். எப்படி என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஐந்து உரையாடல்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறேன். காய்ச்சல் எத்தனை நாளாக என்று மருத்துவர் கேட்டால், எல்லாத் தாள்களிலும் நோயாளிக்கு மூன்று நாளாகத்தான் காய்ச்சல். கேட்பதும் பதில் சொல்வதும் ஒரே பிள்ளை. இதில் யார் யாருக்கு என்ன தெரிவித்தார்கள்?

பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் ‘கருத்துப் பரிமாற்றத் திறன்’ என்று போட்டிருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் இந்தக் கருத்தை விளக்கி எழுதிய கட்டுரை 1972-இல் வெளிவந்தது. இலக்கணம் பிசகாமல் வாக்கியம் அமைப்பது மொழியறிவில் ஒரு பாதிதான். யாரிடம், எந்த நேரத்தில், எதை, எப்படிச் சொல்வது என்பதும் மொழியறிவே என்றார் அவர். அந்த இன்னொரு பாதிக்கு உங்கள் தாளில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு வகுப்பில் நேரம் ஒதுக்கினால் மாணவர்களே கேட்டுவிடுகிறார்கள்: “சார், இது பரீட்சைக்கு வருமா?”

ஒருமுறை துணிந்து ஒதுக்கிப் பார்த்தேன். ஒரு ரயில் அட்டவணையை இரண்டாக்கினேன். ஒருவர் தாளில் புறப்படும் நேரம், மற்றவர் தாளில் போய்ச் சேரும் நேரமும் கட்டணமும். அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. நண்பகலுக்குள் போய்ச் சேரும் ரயில்களில் எது மலிவு என்று இருவரும் ஆங்கிலத்தில் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் சந்தைக்கடை இரைச்சல், பாதிப் பேர் தாய்மொழிக்குத் தாவினார்கள். ஆனால் எப்போதும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காரும் ஒரு பையன், அரைகுறை வாக்கியத்தில் கேட்டான்: “திஸ் ட்ரெயின், ரீச் வாட் டைம்?” பதில் கிடைத்தது. அது போதவில்லை என்று மறுபடியும் கேட்டான். என் வகுப்பில் ஒரு மாணவன் தனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டது அன்றுதான். (நானும் அதுவரை பதில் தெரிந்த கேள்விகளைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இது என்ன?’ என்று வெளியே யார் கேட்கிறார்கள்?)

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர் திட்டத்தில் பாடமே இத்தகைய வேலைகளால் ஆனதுதான். கூட்டம் நிறைந்த வகுப்பில் இது நடக்காது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று பிரபு வற்புறுத்தவில்லை. முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் சேர்ந்து இப்படிப்பட்ட ஒரு புதிரைத் தீர்ப்பார், அப்புறம் அதே மாதிரியான இன்னொன்றை மாணவர் தாமாகச் செய்வார்கள்.

இலக்கணம் போய்விடுமே என்ற உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியாகப் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள், பல ஆண்டுகளுக்குப் பிறகும் நன்றாகப் புரிந்துகொண்டார்களே தவிர, பேச்சில் பிழைகள் நிற்கவில்லை. அதைக் கவனித்த கனடிய மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் ஒரு காரணம் சொன்னார்: அவர்கள் காதால் கேட்டது ஏராளம், துல்லியமாகச் சொல்லியே தீர வேண்டிய கட்டாயத்தில் வாய் திறந்தது குறைவு. அந்தக் கட்டாயத்தைத் தேர்வைவிட எளிதாக யாரால் உண்டாக்க முடியும்?

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த உரையாடல் கேள்வியை எடுத்துவிட்டு, அதற்கான மதிப்பெண்ணை ஒரு பேச்சுத் தேர்வுக்குக் கொடுங்கள். இரண்டு மாணவர்கள், இரண்டு வெவ்வேறு அட்டைகள், ஐந்து நிமிடம். நாற்பது பேர் வகுப்பு என்றால் இருபது ஜோடி, நூறு நிமிடம். இரண்டு மூன்று பாடவேளைகளில் முடிந்துவிடும். சொந்த ஆசிரியர் சலுகை காட்டுவார் என்று நினைத்தால் வேறு வகுப்பு ஆசிரியரை உட்கார வையுங்கள். விஷயம் போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் பாதி மதிப்பெண், சொன்ன விதத்துக்கும் இலக்கணத்துக்கும் மீதி.

அந்த ரயில் அட்டவணையின் இரண்டு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் உங்களில் இருவர் முயன்று பாருங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்