மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று கேட்டீர்கள்

அன்புள்ள அக்கா,

எந்தப் பாடகர் குழு, எந்த நிகழ்ச்சி, நான் யார் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆறு வருடமாகத் தனியாக எழுதி எழுதி அழித்ததுதான் மிச்சம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டால் அழிக்க மனம் வராது என்றுதான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகள் வாசித்துக் காட்டுவாள்.

2019 டிசம்பர், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருந்தது. சமூக மன்றத்தின் மாடியில் ஒத்திகை. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. நம் 'சைலண்ட் நைட்' பாட்டை எந்த வாத்தியமும் இல்லாமல் மூன்று சரணமும் பாடி முடித்தோம். முடிந்ததும் கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அரை ஸ்வரம் இறங்கியிருந்தது. அறையே நீங்கள் நின்ற சொப்ரானோ வரிசையை, உச்சக் குரல் பெண்களின் வரிசையை, பார்த்தது. யார் முதலில் பார்த்தார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள்.

உங்களைக் கைப்பிடித்துத் தாழ்வாரத்துக்கு, அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம், கூட்டிப் போனேன். "அக்கா, மூணாவது சரணத்துல மட்டும் வாயை அசைச்சாப் போதும்" என்றேன். "மூணாவதுல மட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே "எல்லாத்துலயும்" என்றேன்.

கோபப்படுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ பாட்டுத்தாளைத் திறந்து, பென்சிலை எடுத்து, "அப்ப மூச்சு எங்க எடுக்கணும்? பாடற மாதிரி தெரியணும்ல" என்று கேட்டீர்கள். நானும் ஒவ்வொரு இடமாகக் காட்டினேன், அக்கா. நீங்கள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டீர்கள். இந்த ஆறு வருடத்தில் வேறு எதை மறந்தாலும் அந்தப் பென்சில் சத்தம் மறக்கவில்லை.

நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு என்னிடம் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் நிற்கிறீர்கள். குறித்த இடத்தில் எல்லாம் தோள் ஏறி இறங்குகிறது. ஒரு இடம் தப்பவில்லை. பார்ப்பவர்கள் யாரும் நம்பிவிடுவார்கள். வழக்கமாக நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரையும் ஆர்ச்சர்ட் சாலையின் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கக் கூட்டிப் போவது நீங்கள்தான். 1984இல் முதன்முதலாக விளக்கு போட்ட கதையை ஒவ்வொரு வருடமும் சொல்வீர்கள். அன்று அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டீர்கள்.

நான் செய்தது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அன்று என் நிலைமை என்ன என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? குழுவை என் கையில் கொடுத்ததே நீங்கள்தான். பதிவுக்கு ஆள் வந்திருந்தார்கள், வந்த விருந்தினர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். முப்பது பேரின் உழைப்பு ஒரு குரலால் கெட்டுப்போகிறதே என்று பதறினேன். நான் புதிதாகச் சேர்ந்தபோது சுருதி பிசகியதற்காக எல்லார் முன்னாலும் என்னைத் தனியாக நிற்கவைத்து, எட்டுத் தடவை பாடவைத்தீர்கள். அன்று எம்ஆர்டி ரயிலில் அழுதுகொண்டே போனேன். அதற்கு யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு கண்டிப்பான மனுஷி, தன் விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை? "முடியாது போடி" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அங்கேயே அடங்கியிருப்பேன். நீங்கள் அமைதியாகப் போனீர்கள். பிறகு டெனர் வரிசையில், உச்சக் குரல் ஆண்களில், மூன்று பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை.

அப்புறம் 2020 வந்தது. அந்த மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேர் கொவிட்-19ஆல் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரில் நாமும் வீட்டோடு அடைந்தோம். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று ஆனபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வியாழக்கிழமைகளில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்ற நிம்மதி. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் அந்த ஒளிப்பதிவை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். கடைசிச் சரணம் முடிந்த இடத்தில் நிறுத்தி, கீபோர்டில் அதே கட்டையைத் தொட்டேன். அரை ஸ்வரம் இறங்கியிருந்தது, அக்கா. ஒத்திகையில் இறங்கிய அதே அளவு. நீங்கள் ஒரு ஸ்வரம்கூடப் பாடவில்லை.

வாத்தியம் இல்லாமல் பாடும் குழு இறங்குவது ஊர் உலகத்தில் நடப்பதுதான். இறங்கும் இடத்தில் எல்லாரும் ஒரு இழை அதிகமாக இறங்குகிறோம், ஏறும் இடத்தில் ஒரு இழை குறைவாக ஏறுகிறோம். மூச்சு தளரத் தளர அது சேர்ந்துகொண்டே போகும். உங்கள் குரல் நடுங்கியது உண்மை. வயதாகும்போது குரல்நாண் மெலியும், தசை தளரும், பெண்களுக்குக் குரல் கீழே இறங்கும். அதற்காக வாயை மூடச் சொல்வார்களா? தாழ்ந்த குரல் பெண்கள் பாடும் ஆல்டோவுக்கு மாற்றியிருக்க வேண்டும். இது எனக்கு அன்றே தெரியும். ஆல்டோவில் உங்களுக்கு இடம் கொடுத்தால் வேறு ஒருவர் கோபித்துக்கொள்வார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நம் பாட்டின் கதையை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில், வரிகளை எழுதிய உதவிப் பாதிரியாரும் மெட்டுப் போட்ட பள்ளி ஆசிரியரும் ஒரு கிதாரை வைத்துக்கொண்டு முதன்முதலாகப் பாடினார்கள். "பதிவு பண்ண யாரும் வரல, பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவீர்கள். இப்போதெல்லாம் அந்த வாக்கியம்தான் காதில் கேட்கிறது.

இந்த வருடமும் பதிவு உண்டு. "குரல்களைக் கொஞ்சம் வடிகட்டினால் நல்லது" என்று இந்த வருடமும் சொன்னார்கள். வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் பதில் சொல்லிவிட்டேன். ஒத்திகைக்கு வருகிற யாரும் மேடையில் பாடுவார்கள். ஒப்பவில்லை என்றால் நான் ஆல்டோ வரிசைக்குத் திரும்பிப் போகிறேன், வேறு ஆள் முன்னால் நிற்கட்டும். ஒத்துக்கொண்டார்கள். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

ஆல்டோவில் ஓர நாற்காலி காலியாக இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு அதுதான் வசதி. நீங்கள் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. வராவிட்டால் எனக்குக் கோபம் வரும், அதையும் மறைக்கவில்லை.

நீங்கள் பாட வேண்டிய பகுதியை டோ-ரே-மி என்கிற சொல்ஃபாவில் பெரிய எழுத்தாக என் கையாலேயே எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். மூச்சுக் குறி எதுவும் போடவில்லை. பென்சிலால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.