ஏறாத கார் கண்ணாடிக்கு நாட்டுக் குணம் காரணமா?

பெறுநர்: மேலாளர், சர்வீஸ் பிரிவு
ஜார்ஜ்டவுன், பினாங்கு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களிடம் ஜெர்மன் கார் வாங்கி ஏழு மாதமாகிறது. ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடி இறங்கினால் ஏறுவதில்லை. மூன்று முறை கொண்டுவந்து காட்டிவிட்டேன். மூன்று முறையும் உங்கள் சர்வீஸ் தம்பி சொன்னது ஒன்றுதான்: "அங்கிள், இது ஜெர்மன் கார். கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்."

கறார் என்றால் எனக்கும் புரியும். சிக்னல் தண்டு இடப்பக்கம் இருக்கிறது. 14 வருடம் நம்மூர் புரோட்டான் கம்பெனியின் சாகா இஸ்வாரா ஓட்டிய கை வலப்பக்கம்தான் தேடும்; இதில் அங்கே இருப்பது வைப்பர் தண்டு. முதல் வாரம் முழுக்க, கொம்தார் கோபுரத்துப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அது என் கைப்பழக்கம், புகார் இல்லை. கடையில் கட்டி வாங்கும் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) பையை மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. கார் ஓட்டுவதற்கு, தே குடிப்பதற்கு அல்ல என்று ஜெர்மன்காரர் நினைத்திருப்பார், சரி. (நம்மூர் காரான பெரோடுவா ஆக்ஸியாவில் அந்தக் கொக்கி உண்டு.)

ஆனால் ஏறாத கண்ணாடி எந்த நாட்டுக் குணம்?

போன வெள்ளிக்கிழமை பாலத்துக்கு முன்னால் உள்ள பிறை டோலில் கட்டணம் செலுத்த, டச் அண்ட் கோ அட்டையைத் தட்டக் கண்ணாடியை இறக்கினேன். பாலத்தில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பினாங்குப் பாலம் கடலுக்கு மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர். நடுவில் நிறுத்தவும் முடியாது. என் வலது தோள், சட்டைப்பை, அதிலிருந்த மருந்துச் சீட்டு எல்லாம் நனைந்தன. மழை சென்சார் மட்டும் கடமை தவறாமல் வைப்பரை வேகமாக்கிக்கொண்டே இருந்தது!

உள்ளூர் காரின் பவர் விண்டோ (பட்டனில் ஏறி இறங்கும் கண்ணாடி) மாட்டிக்கொள்ளும் என்று கிண்டலடிக்காத மலேசியர் யார்? நானும் அடித்தவன்தான். ஆனால் என் இஸ்வாராவின் கண்ணாடி விற்ற அன்றுவரை ஒழுங்காக ஏறி இறங்கியது.

அப்புறம் இன்னொன்று. வீட்டுக்கு வந்து கதவைத் துடைக்கும்போது அதன் ஓரத்திலிருந்த தகட்டைப் படித்தேன். இந்தக் காரை மலேசியாவிலேயே பொருத்தியிருக்கிறார்கள். 1985-இல் வந்த முதல் சாகாவோ, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரை வைத்துச் செய்தது. இஸ்வாரா அதன் வாரிசு. ஆக, நம்மூர் கார் என்று நான் ஓட்டியது பாதி ஜப்பான். ஜெர்மன் கார் என்று மாதாமாதம் கடன் கட்டுவது நம்மூரில் பூட்டியது. இதில் எந்த நாட்டுக் குணத்தைத் தம்பி சொல்கிறார்?

பழுது கண்ணாடியின் மோட்டாரிலா, அதைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரிலா என்று பார்த்து, வாரண்டியில் மாற்றித் தாருங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதில் நாட்டின் பெயர் வேண்டாம், பாகத்தின் பெயர் போதும். அதுவரை ஓட்ட மாற்றுக் கார் ஒன்று வேண்டும். எந்த நாட்டுக் காராக இருந்தாலும் சரி, கண்ணாடி ஏறினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்